சிங்க், இம்போர்ட், பேக்அப்: ஒரே சொல் போதாது

பொருள்: 'சிங்க்' – ஒத்திசைவு சரிதானா?
பண்ணைக்காட்டிலிருந்து

நண்பர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானல், பெருமாள்மலை, வத்தலக்குண்டு பக்கத்து இணைய மையங்களில் ஒட்ட ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது: ஓர் உலாவியை (பிரவுசரை) விட்டு இன்னொன்றுக்கு மாறுவது எப்படி. ஒரே கணக்கில் உள்ள கருவிகளின் தரவை ஒன்றுபோல வைக்கும் 'சிங்க்' வரும் இடமெல்லாம் 'ஒத்திசைவு' என்று போட்டாயிற்று. சிக்கல் என்னவென்றால், மையத்துக்கு வருகிறவர்கள் "சிங்க் பண்ணியாச்சு, இனி எதுவும் போகாது" என்று நம்புகிறார்கள். போகும். போனில் ஒரு புக்மார்க்கை அழித்தால் கணினியிலும் அழியும், அதுதான் சிங்க்கின் வேலையே. ஒத்திசைவு என்ற சொல்லில் இந்த ஆபத்து துளியும் தெரியவில்லை. இணக்கம், இனிமை என்றே காதில் விழுகிறது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு நேராக்குவது என்ற பொருளில் 'சரிக்கட்டல்' என்று வைக்கலாமா?

*

பொருள்: மறு: 'சிங்க்' – ஒத்திசைவு சரிதானா?
கொடைக்கானலிலிருந்து

சரிக்கட்டல் வேண்டாம் ஐயா. எந்த அலுவலக வாசலில் கேட்டாலும் அதற்கு வேறு பொருள் சொல்வார்கள். 'ஒத்துவைப்பு' என்று முன்பு யாரோ சொன்னதும் ஆகாது, அவசரத்தில் ஒத்திவைப்பு என்றுதான் கண் படிக்கும்.

ஒத்திசைவை விட்டுவிடத் தேவையில்லை. வினையைத்தான் திருத்த வேண்டும். பல மென்பொருள்களில் 'ஒத்திசைக்கப்படுகிறது' என்று நீட்டி எழுதுகிறார்கள். பொத்தானில் அடங்காது, பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். தன்வினையில் 'ஒத்திசைகிறது', 'ஒத்திசைந்தது' என்றால் போதும். பொத்தானுக்கு 'ஒத்திசை'.

மக்கள் குழம்புவதற்குக் காரணம் அந்தச் சொல் அல்ல. சிங்க், இம்போர்ட், பேக்அப் என்ற மூன்று வேலைகளுக்கும் அவர்கள் 'சிங்க்' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், காரணம் அதுதான். ஃபயர்ஃபாக்ஸையே எடுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க் நூலகம் திறக்கும். அங்கே 'எச்.டி.எம்.எல். கோப்பிலிருந்து இம்போர்ட்' என்பது இருப்பவற்றோடு புதியவற்றைச் சேர்க்கும். அதே பட்டியலில் உள்ள 'ரீஸ்டோர்' இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டுப் பழைய நகலை வைக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் மாற்றி அழுத்திவிட்டு வந்து நிற்பார்கள். முதலாவதற்கு 'கொணர்', இரண்டாவதற்கு 'மீட்டுவை', நகலுக்குக் 'காப்புப்படி' என்பது என் பரிந்துரை. இறக்குமதி, ஏற்றுமதி துறைமுகத்துக்கே இருக்கட்டும். எக்ஸ்போர்ட்டுக்கு 'வெளியெடு'.

ஒத்திசைவு காப்புப்படி ஆகாது என்பதற்கு இன்னொரு காரணமும் குறிப்பில் வரவேண்டும். ஃபயர்ஃபாக்ஸுக்கான மொசில்லா கணக்கின் கடவுச்சொல்லிலிருந்துதான், தரவைப் பிறர் படிக்காதபடி பூட்டும் மறையாக்கச் சாவி உருவாகிறது. கடவுச்சொல்லை மறந்து மாற்றியமைத்தால், மீட்புச் சாவியை முன்பே எடுத்து வைக்காதவருக்குச் சேவையகத்தில் (சர்வரில்) இருந்த தரவு போய்விடும். ஏதாவது ஒரு கருவியில் தரவு இருந்தால் அது மறுபடி மேலே ஏறும். இருந்த ஒரே போனும் தொலைந்தது என்றால் ஏற்ற எதுவுமில்லை.

*

பொருள்: மறு: மறு: 'சிங்க்' – ஒத்திசைவு சரிதானா?
தாண்டிக்குடியிலிருந்து

கொணர், மீட்டுவை இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஆனால் மைக்ரோசாப்டின் எட்ஜ் உலாவி இந்த எல்லையைக் கலைக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் குரோமிலிருந்து தரவை எடுத்துக்கொள்ளும் அமைப்பு அதில் உண்டு. பார்ப்பதற்கு ஒத்திசைவு போலவே இருக்கும், ஆனால் ஒருவழிப் பாதை. எட்ஜில் சேர்த்தது குரோமுக்குப் போகாது. இதைத் 'தொடர்கொணர்வு' என்று தனியாகப் பிரித்தால் நல்லது.

ஒத்திசைவு ஒரே நிறுவனத்தின் வேலிக்குள்தான் நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட்ஜ் 2020 ஜனவரியில் குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறியது, பிரேவ், விவால்டி உலாவிகளும் அதே அடித்தளம்தான். "எல்லாம் ஒரே இஞ்சின், கூகுள் கணக்கைப் போட்டால் வந்துவிடாதா?" என்று கேட்பார்கள். வராது. 2021 மார்ச்சில் கூகுள் தன் ஒத்திசைவு வசதியை மற்ற குரோமியம் உலாவிகளுக்கு மூடிவிட்டது. விவால்டிக்குத் தனிக் கணக்கு வேண்டும். பிரேவில் ஒத்திசைவுக்குக் கணக்கு தேவையில்லை, சொல்வரிசை ஒன்றைக் கொடுத்துக் கருவிகளைச் சங்கிலியாகக் கோக்க வேண்டும். அந்த வரிசை யார் கையில் கிடைத்தாலும் தரவு அவருக்கும் திறக்கக்கூடும்.

வேலி தாண்டுவதற்கு, அதாவது ஸ்விட்ச்சிங்குக்கு, 'உலாவிப்பெயர்ச்சி' என்று வைக்கலாம். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவது என்று எல்லோருக்கும் உடனே புரியும். பரிகாரம் என்ன என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

இன்னொன்று விடுபட்டிருக்கிறது: டூம்ப்ஸ்டோன், அதாவது கல்லறைக்கல். அழித்த புக்மார்க் சேவையகத்தில் சுவடில்லாமல் போவதில்லை. அதன் அடையாள எண்ணும் 'நீக்கப்பட்டது' என்ற குறியும் நிற்கும். மழையில் டவர் விழுந்து நாலு நாள் இணைப்பில்லாமல் கிடந்த போன் திரும்ப வரும்போது அந்தக் குறியைப் படித்துத்தான் தன்னிடம் உள்ளதை அழிக்கிறது. குறி இல்லையென்றால் அழித்தது அந்தப் போனிலிருந்து உயிரோடு திரும்பிவிடும். இதற்கு 'நடுகல்'. கல்லறை என்றால் உள்ளே ஆள் இருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கற்திட்டைகள்கூட ஈமச் சின்னங்கள்தாம். நடுகல் பெரும்பாலும் நினைவுக்கு நட்ட கல் மட்டுமே, இங்கேயும் தரவு இல்லை, கல்தான் இருக்கிறது.

*

பொருள்: மறு: மறு: மறு: 'சிங்க்' – ஒத்திசைவு சரிதானா?
கொடைக்கானலிலிருந்து

நடுகல் வீரனுக்கு நடுவது. அழிந்த புக்மார்க் என்ன போரில் பட்டது என்று இலக்கணக்காரர்கள் கேட்பார்கள். நிரலர்களுக்கான அகராதியில் நடுகல் இருக்கட்டும். மையத்தில் ஒட்டும் தாளுக்கு 'நீக்கக் குறி' போதும்.

தாளில் இதைவிட அவசரமானது உள்நுழைவு. வத்தலக்குண்டில் வண்டியை நிறுத்திக் கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்கிறவர்கள் மையத்துக் குரோமில் ஜிமெயிலைத் திறக்கிறார்கள். 2018இல் வந்த குரோம் 69இல், ஜிமெயிலில் நுழைந்தால் உலாவியிலும் நுழைந்த மாதிரி ஆகும் முறை வந்தது. அதோடு ஒத்திசைவு தானாக ஓடாது. ஆனால் இடையில் வரும் கேள்விக்கு 'ஆம்' என்று தட்டிவிட்டால் வீட்டுக் கடவுச்சொற்கள் மையத்துக் கணினியில் வந்து இறங்கும். ஆகவே 'உள்நுழை' வேறு, 'ஒத்திசை' வேறு என்று பெரிய எழுத்தில் போடுங்கள். மையக்காரர் விருந்தினர் சாளரத்தை (கெஸ்ட் விண்டோ) திறந்து கொடுப்பதே நல்லது.

*

பொருள்: மறு: 'சிங்க்' – தாளுக்கான வாசகம்
பண்ணைக்காட்டிலிருந்து

சரிக்கட்டலைத் திரும்பப் பெறுகிறேன். தாளில் போகும் வாசகம் இது:

"உலாவிப்பெயர்ச்சிக்கு முன், பழைய உலாவியில் புக்மார்க்குகளை எச்.டி.எம்.எல். கோப்பாகவும் கடவுச்சொற்களை சி.எஸ்.வி. கோப்பாகவும் வெளியெடுக்கவும். புதிய உலாவியில் ஒரே ஒரு கருவியில் மட்டும் கொணரவும். பிறகு ஒத்திசைவை இயக்கினால் மற்றக் கருவிகளுக்கு அதுவே போய்ச் சேரும். எல்லாவற்றிலும் கொணர்ந்தால் இரட்டிப்பு வரலாம். சி.எஸ்.வி. கோப்பில் கடவுச்சொற்கள் யாரும் படிக்கும்படி அப்படியே இருக்கும்; வேலை முடிந்ததும் கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யவும். புக்மார்க் கோப்பை மட்டும் பென்டிரைவில் காப்புப்படியாக வைத்துக்கொள்ளவும்."

கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைரேகை, பின் எண் போன்றவற்றால் நுழைய உதவும் கடவுச்சாவிகள் இந்த சி.எஸ்.வி.யில் வராது. ஒவ்வொரு தளத்திலும் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கிறேன். 'பாஸ்கீ'க்குக் கடவுச்சாவி என்பதில் யாருக்காவது மறுப்பு இருந்தால், தாள் அச்சுக்குப் போவதற்குள் எழுதிவிடுங்கள்.