மறுமொழி: மெலியோய்டோசிஸ் – தமிழில் எப்படிச் சொல்வது?

> போலிக் குதிரைநோய் என்று நேராகப் பெயர்த்துவிடலாமே.

வேண்டாம் ஐயா. மெலியோய்டோசிஸ் என்பது ஒரு பாக்டீரியா தொற்றுநோய். 1921இல் ஸ்டான்டன், ஃபிளெச்சர் என்ற மருத்துவர்கள் கழுதை நோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயரைக் கட்டினார்கள். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோயை ஒத்திருந்ததுதான் காரணம். நம் நோயாளி குதிரையைத் தொட்டே இருக்கமாட்டார். கிருமி ஈர மண்ணிலும் வயல் நீரிலும் வாழ்கிறது. மழைக்காலத்தில் காலில் உள்ள கீறல் வழியாகவோ மூச்சு வழியாகவோ ஏறுகிறது. சர்க்கரை நோயாளிகளையே அதிகம் பிடிக்கிறது.

விட்மோர் நோய் என்ற பெயரும் உண்டு. 1912இல் ரங்கூனிலிருந்து இந்நோயை முதலில் விவரித்தவர் விட்மோர்; அவரோடு சேர்ந்து எழுதிய கிருஷ்ணசாமியை அந்தப் பெயர் விட்டுவிட்டது!

ஒலிபெயர்த்தால் 'மெலியோய்' என்பது மெலிந்தவனை விளிப்பதுபோல் கேட்கிறது. எங்கள் பயிற்சி மாணவர் ஒருவர் அதை எலிக்காய்ச்சலில் ஒரு வகை என்றே நினைத்திருந்தார். எலிக்காய்ச்சல் நல்ல சொல். நோய் எங்கிருந்து வருகிறது என்பது பெயரிலேயே இருக்கிறது. அந்த வழியில் என் முன்மொழிவு: மண்சீழ் நோய். நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என்று கண்ட இடத்தில் சீழ்க்கட்டி வைக்கிறது. மண் என்றதும் சிலர் மண்ணீரலை மட்டும் நினைக்கலாம் என்பதே என் தயக்கம். 'சேற்றுக்காய்ச்சல்' என்றால் சேற்றுப்புண்ணோடு குழம்பும்.

பெயர் தெரியாத நோய் கண்ணில் படாது. எங்கள் ஆய்வகத்தில் ஒருமுறை, ஒரு நோயாளியின் சீழில் வளர்ந்த கிருமியை, வெளியிலிருந்து கலந்த சாதாரண பாக்டீரியா என்று எண்ணி 'சூடோமோனாஸ், வெளிக்கலப்பு' என்று ஒதுக்கினோம். அந்த மனிதர் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். நல்லவேளை, வளர்ப்புத் தட்டை யாரும் எறியவில்லை. நான்காம் நாள் அதில் சுண்டைக்காய் வற்றல்போல் சுருங்கிய திட்டுகள். ஜென்டாமைசின், கொலிஸ்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்து வில்லைகளை ஒட்டியே கிருமி வளர்ந்திருந்தது. கோ-அமாக்சிக்ளாவ் என்ற மருந்தின் வில்லையைச் சுற்றி மட்டும் கிருமி வளராத தெளிவான வட்டம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மெலியோய்டோசிஸா என்று சந்தேகப்பட்டே ஆகவேண்டும்.

இதன் சிகிச்சைக்கு இன்னொரு சொல்லும் வேண்டும். முதலில் குறைந்தது இரண்டு வாரம் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி. பிறகு சுமார் மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. இந்த இரண்டாம் பகுதியைத் 'தொடர் சிகிச்சை' என்று எழுதிக் கொடுத்தால், காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுகிறார்கள், நோய் திரும்புகிறது. 'வேரறுப்புச் சிகிச்சை' என்றால் மிரட்டலாகத்தான் இருக்கிறது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

சீழ்க்கட்டியே இல்லாமல் இரத்தத்தில் மட்டும் கிருமி பரவுபவர்களுக்கு 'மண்சீழ்' பொருந்துமா என்று கேட்பீர்கள். பொருந்தாதுதான். இலங்கையிலும் இந்நோய் காணப்படுவதால், அங்குள்ள மருத்துவ நண்பர்கள் நோயாளிகளிடம் என்ன சொல்கிறார்கள் என்று அறிய ஆவல்.