திரும்பாத ஒன்பதாமவர்: வெர்னன் மூரின் நினைவாக

அன்புள்ள ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்த் திரும்பாத நம் ஊர்க்காரர்களின் பெயர்களைத் தொகுத்துவரும் நிலையில், இறந்த நாள் தெரியாதவர்களை எப்படிக் குறிப்பது என்று செயலாளர் அண்ணன் கேட்டிருந்தார். அந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு வெர்னன் மூர் என்ற அமெரிக்க விமானப்படை வீரரின் நினைவு வந்தது. லிபியாவில் எண்ணெய்க் கம்பெனிகளில் வேலை பார்த்த நம்மவர்கள் சிலர் அவர் சென்ற விமானத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம்.

1943 ஏப்ரல் 4, ஞாயிற்றுக்கிழமை. பெங்காசிக்குத் தெற்கே உள்ள சொலுக் தளத்திலிருந்து, இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் குண்டு வீசுவதற்காக 25 பி-24 விமானங்கள் புறப்பட்டன. அவற்றுள் ஒன்றான 'லேடி பி குட்' விமானத்தில் ஒன்பது பேர் இருந்தனர். அந்தக் குழுவுக்கு அதுவே முதல் போர்ப் பயணம். ஒஹையோ மாநிலத்தின் நியூ பாஸ்டன் என்ற ஊரைச் சேர்ந்த ஸ்டாஃப் சார்ஜென்ட் வெர்னன் மூர் அதில் துப்பாக்கி வீரராகச் சென்றார். புறப்படும்போதே மணற்காற்று வீசியதால் விமானங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துபோயின. நேப்பிள்ஸை இருட்டில் அடைந்த இவர்களுக்கு இலக்கு தெரியவில்லை. குண்டுகளைக் கடலில் போட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினர்.

நள்ளிரவு வாக்கில் விமானி ஹாட்டன், தளத்தின் திசையைச் சொல்லும்படி வானொலியில் கேட்டார். நிலையத்தில் இருந்த திசைகாட்டும் கருவிக்கு, விமானம் ஒரே கோட்டில் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பிரித்தறியத் தெரியாது. விமானம் அதற்குள் கடற்கரையைக் கடந்து பாலைவனத்துக்குள் போய்விட்டிருக்க, இன்னும் கடலின் மேல்தான் வருகிறது என்று எடுத்துக்கொண்டு திசை சொல்லப்பட்டது என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். தளத்தைத் தாண்டி இரண்டு மணி நேரம் தெற்கே பறந்த பிறகு எரிபொருள் தீர்ந்து, ஒன்பது பேரும் பாராசூட்டில் குதித்தனர். கடலில் விழுந்திருப்பார்கள் என்று எண்ணி மத்தியதரைக் கடலில் தேடினார்கள். வீடுகளுக்கு 'காணாமல்போனார்' என்ற செய்தி மட்டும் போனது.

1958-இல் எண்ணெய் தேடியவர்கள் வானிலிருந்து விமானத்தைக் கண்டனர். மறு ஆண்டு நேரில் போய்ப் பார்த்தபோது, சொலுக்கிலிருந்து 700 கிலோமீட்டருக்கும் அப்பால் அது பின்பகுதி முறிந்து, மற்றபடி பெரிதாகச் சிதையாமல் கிடந்தது. துப்பாக்கிகள் சுடும் நிலையில் இருந்தன, உள்ளே உணவும் தண்ணீரும் இருந்தன, ஃபிளாஸ்கில் இருந்த காப்பிகூடக் குடிக்கும் பதத்தில் இருந்தது என்கிறார்கள். மனிதர் ஒருவரும் இல்லை. ஆளற்ற விமானம் தானாகவே சறுக்கிப்போய், அவர்கள் குதித்த இடத்துக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் தரைதட்டியிருந்தது. கடல் பக்கத்தில்தான் இருக்கும் என்று நம்பிய அவர்களோ வடமேற்கே நடந்துவிட்டனர். அந்தத் தண்ணீரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

நடந்தது என்ன என்பது துணை விமானி டோனர் வைத்திருந்த சிறிய நாட்குறிப்பால் தெரியவந்தது. குதித்தபின் எட்டுப் பேர் ஒன்றுசேர்ந்தனர். வொராவ்காவை மட்டும் காணவில்லை. அவருடைய பாராசூட் சரியாக விரியாததால் அவர் அப்போதே இறந்திருந்தார் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. எட்டுப் பேருக்கும் சேர்த்து அரைக் குப்பித் தண்ணீர் இருந்தது; ஆளுக்கு ஒரு மூடி அளவு குடித்தபடி, பாராசூட் துணியைக் கிழித்து, காற்றில் பறக்காமல் கல் வைத்து, பின்னால் தேடி வருபவர்களுக்கு அம்புக்குறி அமைத்துக்கொண்டே நடந்திருக்கிறார்கள். ஏப்ரல் 9, வெள்ளிக்கிழமைக் குறிப்பில், ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர் ஆகிய மூவரும் உதவி தேடிப் பிரிந்து போவதாகவும், மற்ற ஐவருக்கும் கண் மங்கி, உடல் தளர்ந்து, நடக்க முடியவில்லை என்றும் டோனர் எழுதியிருக்கிறார். 12-ஆம் தேதியோடு அவருடைய குறிப்பு நின்றுவிடுகிறது.

1960 பிப்ரவரியில் ஐவரின் உடல்களும் ஓரிடத்தில் கிடைத்தன. ஏறக்குறைய 130 கிலோமீட்டர் நடந்திருந்தனர். மே மாதத்தில் ஷெல்லி அதற்கும் வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலும், ரிப்ஸ்லிங்கர் இன்னும் சற்றுத் தள்ளியும் கிடைத்தனர். ஆகஸ்டில் வொராவ்கா கிடைத்தார். மூர் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

மூர் கடைசியில் தனியாக இருந்தாரா, நண்பர்களில் ஒருவரைக் கண்முன்னே இழந்துவிட்டு மேலே நடந்தாரா என்பதைச் சொல்ல ஒரு தடயமும் இல்லை. ரிப்ஸ்லிங்கரும் ஒரு குறிப்பு வைத்திருந்தார். ஏப்ரல் 11 வரை மணல்மேடுகளிலிருந்து வெளியேறப் போராடியதாக அது சொல்கிறது. ஆகவே மூரைப் பற்றிக் கையிலிருக்கும் கடைசிச் செய்தி 9-ஆம் தேதி அவர் நடக்கத் தெம்போடு புறப்பட்டார் என்பதுதான். போர்க்கால அமெரிக்க நடைமுறைப்படி, காணாமல்போனவர் ஓராண்டு கழிந்தும் வராவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம். அது சம்பளத்துக்கும் உதவித்தொகைக்கும் தேவைப்படும் காகிதத் தேதி; அந்த நாளில் யாரும் இறப்பதில்லை. நம் வீடுகளில் திதி தெரியாதவருக்கு மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பதும், உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் செய்வதும் இந்தச் சங்கடத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்கர்கள் வெளிநாட்டில் அமைத்திருக்கும் போர்க் கல்லறைகளில், உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பின்னாளில் ஒருவர் கண்டெடுக்கப்பட்டால், பெயரை அழிக்காமல் அதன் பக்கத்தில் ஒரு சிறிய வெண்கலப் பூவைப் பதிக்கிறார்கள். அந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எனவே நம் பட்டியலில் 'இறந்த நாள்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, 'கடைசியாகத் தெரிந்தது' என்று ஒரு கட்டம் வைக்கலாம் என்பது என் கருத்து. தகப்பனார் பெயர், தெரு, கப்பலேறிய ஆண்டு ஆகியவற்றோடு, கடைசிக் கடிதம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதையும் எழுதலாம். பின்னால் யாருக்காவது விவரம் கிடைத்தால் பக்கத்தில் சேர்க்க இடம் விடலாம். போரின்போது ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனதாக மட்டும் செய்தி வந்தவர்களுக்கு அதையே அப்படியே எழுத வேண்டும். வீட்டில் பழைய மலாயாக் கடிதங்கள் வைத்திருப்பவர்கள், தபால் முத்திரை தெரியும்படி உறையையும் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
கீழத்தெருக்காரன், மஸ்கட்டிலிருந்து