தெருக் குழு: புழுதி வந்தால்

கலா: நகரத்தில் அணுகுண்டு விழுந்தாலும் தள்ளியிருக்கிற சின்ன ஊர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, உண்மையா?

தினேஷ்: பாதிதான் உண்மை அக்கா. வெடியும் தீயும் நம்மை எட்டாமல் போகலாம். ஆனால் குண்டு தரையை ஒட்டி வெடித்தால் மண்ணை வாரி மேலே கொண்டுபோகும். அது கதிரியக்கப் புழுதியாகக் காற்றோடு வந்து இறங்கும். 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலில் உள்ள பிகினித் தீவில் அமெரிக்கா அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது, 150 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ரோங்கெலாப் தீவில் வெள்ளைத் தூள் கொட்டியது. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். அப்புறம் வாந்தி, தோல் புண், முடி கொட்டல்.

சுந்தரம்: அப்போ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட வேண்டியதுதான்.

தினேஷ்: எந்தப் பக்கம் சித்தப்பா? மேலே ஒரு காற்று, கீழே ஒரு காற்று. புழுதி எங்கே இறங்கும் என்று நமக்கு எப்படித் தெரியும்? வண்டித் தகரம் கதிரைத் தடுக்காது. வழியில் மாட்டிக்கொண்டால் திறந்தவெளியில் நிற்கிற மாதிரிதான்.

முருகேசன்: வீட்டுக்குள்ளே எத்தனை நாள் தம்பி அடைந்து கிடப்பது?

தினேஷ்: குறைந்தது ஒரு நாள் அண்ணே, முடிந்தால் இரண்டு நாளுக்கு மேல். நேரம் 7 மடங்கானால் கதிர்வீச்சு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகும். வெடித்து 1 மணி நேரத்தில் இருந்தது, 7 மணி நேரத்தில் பத்தில் ஒன்று, 49 மணி நேரத்தில் நூறில் ஒன்று. முதல் நாளைத் தாண்டுவதுதான் பெரிய பாடு.

செல்வி: எங்கள் வீடு தகரக் கூரை. நாங்கள் உள்ளே இருந்து என்ன பயன்?

தினேஷ்: அதைத்தான் சொல்ல வந்தேன் அக்கா. புழுதி கூரைமேலேயே கிடக்கும், தகரம் அதைத் தடுக்காது. தகரக் கூரை, ஓட்டு வீட்டுக்காரர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்து மாடிக் கட்டடத்துக்கு வந்துவிட வேண்டும். மேல்மாடி வேண்டாம். கீழ்த்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாத நடு அறை. ஜன்னலுக்கு மண் மூட்டை அடுக்கலாம். 9 சென்டிமீட்டர் இறுகிய மண் கதிரைப் பாதியாக்கும், அதற்கு மேல் இன்னொரு 9 போட்டால் கால்வாசி.

கலா: பளிச்சென்று வெளிச்சம் தெரிந்தால் உடனே ஓடி வந்துவிடலாமா?

தினேஷ்: அந்த நொடியில் ஓடக் கூடாது, ஜன்னல் பக்கம் எட்டியும் பார்க்கக் கூடாது. குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள். அதிர்வலை வெளிச்சத்துக்குப் பிறகுதான் வரும், கண்ணாடி அப்போதுதான் சிதறும். அது கடந்ததும் கிளம்பலாம். தள்ளியிருக்கிற ஊருக்குப் புழுதி வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

சுந்தரம்: மாட்டை என்ன செய்வது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

முருகேசன்: சித்தப்பாவுக்கு மாடு பிழைத்தால் போதும் 😄

தினேஷ்: கொட்டகைக்குள் கட்டி, மூடி வைத்த வைக்கோலும் தண்ணீரும் போடுங்கள். புழுதி விழுந்த புல்லை மேய விடாதீர்கள். அந்தப் புல்லிலிருந்து அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருள் பாலில் இறங்கி, குழந்தைகளின் கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும். 8 நாளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும் என்றாலும் சில வாரம் அந்தப் பால் வேண்டாம்.

கலா: அயோடின் உப்பை அள்ளிச் சாப்பிட்டால் காப்பாற்றும் என்கிறார்களே?

செல்வி: வேண்டவே வேண்டாம் கலா. உப்பில் இருக்கிற அயோடின் துளிதான், அள்ளித் தின்றால் உப்புதான் உடம்பைக் கெடுக்கும். பொட்டாசியம் அயோடைடு மாத்திரை வேறு. அதுவும் தைராய்டை மட்டும்தான் காக்கும், சுகாதாரத் துறை சொல்லாமல் போடக் கூடாது. வெளியிலிருந்து வருகிறவர்கள் மேலாடையை வாசலிலேயே கழற்றி, பையில் கட்டித் தூர வையுங்கள். ஒட்டியிருக்கிற புழுதியில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். அப்புறம் சோப்புப் போட்டு மெதுவாகக் குளியுங்கள், தோலைத் தேய்த்துக் கீறாதீர்கள்.

முருகேசன்: கிணற்றுக்கு மூடி போட நானே பலகை அறுத்துத் தருகிறேன். பேட்டரி ரேடியோ யாரிடமாவது இருக்கிறதா? அன்றைக்கு இந்தப் போன் குழுவெல்லாம் வேலை செய்யாது.

சுந்தரம்: என்னிடம் பழையது ஒன்று கிடக்கிறது, பாடுகிறதா என்று பார்க்கிறேன். பள்ளிக்கூடத்துச் சாவி யார் கையில்?

செல்வி: வாட்ச்மேனிடம் ஒன்றுதான். இன்னொன்று செய்து என் வீட்டில் வைக்கச் சொல்லிக் கேட்கிறேன் சித்தப்பா.