எழுத்துருவா, டிரைவரா? லினக்ஸில் தமிழ் சிதறினால் எங்கே பார்ப்பது

செவ்வாய்ப்பேட்டை டிடிபி:
கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைகளில் உபுண்டு லினக்ஸ் போட்டதும் வர்ற முதல் புகார், "தமிழ் தெரியல". எப்படித் தெரியலன்னு கேட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

கட்டம் கட்டமா வந்தா எழுத்துரு இல்லை. நோட்டோ தமிழ் அல்லது லோஹித் நிறுவினா போதும். "அம்மா" இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் நின்னா அது பாமினியில் (ஆங்கிலக் குறிகளின் இடத்தில் தமிழ் வடிவம் வச்ச பழைய எழுத்துரு) அடிச்ச பழைய கோப்பு. பாமினி எழுத்துருவைப் போட்டு எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கிற எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டினா படிக்கலாம். தேடித் திருத்தணும்னா எல்லா மொழிக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடுக்கு மாத்தித்தான் ஆகணும்.

கொம்புக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் வந்தா எந்த எழுத்துருவை மாத்தினாலும் போகாது. யூனிகோடில் உயிர்மெய்யின் மூல எழுத்து (க, ம மாதிரி) முதலில், கொம்பு அடுத்து. மட்டமான மாற்றிகள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பை முன்னாடி வச்சிடும். கோப்பைத்தான் சரி பண்ணணும்.

லிப்ரேஆபீஸில் எழுத்துருவை மாத்தியும் தமிழ் அசையலையா? அங்கே தமிழ் 'சிடிஎல்' (சிக்கலான எழுத்து அமைப்பு) பிரிவில் வரும். மொழி அமைப்பில் அதை இயக்கி, எழுத்து வடிவச் சாளரத்தில் சிடிஎல் பகுதியில் மாத்துங்க.

ஏற்காடு:
இங்கே இடி மழைன்னா கரண்ட் போயிடும். அப்டேட் நடுவில் போனா என்விடியா கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் மாட்யூல் பாதியில் நின்னு, அடுத்த தடவை கருப்புத் திரைதான். சிஸ்டத்தை அழிச்சுப் போட வேண்டாம். மெஷின் ஏறும்போது வரும் கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் பழைய கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) ஏறுங்க. பாதியில் நின்ன நிறுவலை முடிக்க டிபிகேஜி கட்டளையை 'கான்ஃபிகர் -ஏ' சேர்த்து ஓட்டி, எந்தக் கெர்னலுக்கு மாட்யூல் ஏறியிருக்குன்னு 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கட்டளையில் பாருங்க. புதுக் கெர்னலுக்கு எதிரே 'இன்ஸ்டால்டு' இல்லைன்னா மாட்யூலைக் கட்டத் தேவையான, அந்தக் கெர்னலின் ஹெட்டர்ஸ் தொகுப்பு விடுபட்டிருக்கலாம்.

செக்யூர் பூட் (கையொப்பம் இல்லாத டிரைவரை ஏற விடாத பாதுகாப்பு) இருந்தா ரீபூட்டில் ஒரு நீலத் திரை வரும். அவசரத்தில் 'கன்டினியூ' அழுத்தாதீங்க. 'என்ரோல் எம்ஓகே' (டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதியறது) எடுத்து, நிறுவும்போது கொடுத்த கடவுச்சொல்லை அடிங்க. இல்லைன்னா டிரைவர் ஏறாது.

அஸ்தம்பட்டி:
ஏற்காட்டு அண்ணா சொன்னதோடு ஒண்ணு. கருப்புத் திரைக்கு 'நோமோட்செட்' (கிராபிக்ஸ் டிரைவரை ஒதுக்கி வைக்கிற பூட் அமைப்பு) போட்டுத் திரை வந்ததும் அதை அப்படியே விட்டுடறாங்க. இன்டெல், ஏஎம்டி மெஷினில் திரையை எது வரையுதுன்னு காட்டுற ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓட்டினா 'எல்எல்விஎம்பைப்'னு வரும். கிராபிக்ஸ் சும்மா இருக்க, பிராசஸரே எல்லாத்தையும் வரையுதுன்னு அர்த்தம். ஸ்குரோல் இழுக்கும்.

ஸ்லீப்பிலிருந்து எழுப்பினதும் எழுத்துகள் மட்டும் துண்டு துண்டா, வண்ணப் பொடியா சிதறினா எழுத்துருவைத் தொடாதீங்க. தூங்கும்போது வீடியோ மெமரி அழிஞ்சிருக்கு. என்விடியா மாட்யூலுக்கு 'பிரிசர்வ் வீடியோ மெமரி அலோகேஷன்ஸ்' மதிப்பை 1 ஆக்கி, என்விடியா-சஸ்பெண்ட், என்விடியா-ரெஸ்யூம் சேவைகளை இயக்குங்க. வீடியோ மெமரியைச் சேமிச்சு வைக்கிற டெம்ப் அடைவு ரேமில் இருந்தா இடம் பத்தாமப் போகலாம்; தற்காலிகக் கோப்புப் பாதையை வட்டுக்கு மாத்துங்க.

செவ்வாய்ப்பேட்டை டிடிபி:
அச்சுக்கு அனுப்பும் முன் பிடிஎஃப்பில் உள்ள எழுத்துருக்களைப் பட்டியலிடுற பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளையில் 'எம்ப்' (எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்கான்னு சொல்றது) நெடுவரிசையைப் பாருங்க. ஒரு எழுத்துருவுக்கு 'நோ' இருந்தாலும் பிடிஎஃப்பை மறுபடி எடுத்துட்டு அனுப்புங்க.