பட்டா மாறுதலுக்குக் கையூட்டு: வழி தெரிந்தவர்கள் உதவ வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தந்தையார் காலமான பின், பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தோம். நில அளவையர் இன்னும் இடத்தைப் பார்வையிட வரவில்லை. ஆனால் அலுவலக வாசலில் இருக்கும் இடைத்தரகர் ஒருவர், எங்கள் விண்ணப்ப எண்ணையும் அது யாருடைய மேசையில் இருக்கிறது என்பதையும் சரியாகச் சொல்லித் தொகை கேட்கிறார். விண்ணப்பம் கணினிக்கு மாறினாலும், அளப்பதும் பரிந்துரைப்பதும் சில அலுவலர்களின் கையிலேயே இருப்பதால், தாமதமே விற்பனைப் பொருளாகிவிட்டது. பணம் கொடுத்தவர்களின் கோப்பு முந்திச் செல்ல, கொடுக்க இயலாத சிறு விவசாயிகள் தம் பெயரில் பட்டா இல்லாமல் பயிர்க்கடனுக்கும் அலைகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரும் வேதனை.

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் அளித்தால் மட்டுமே விலக்கு உண்டு. கொடுப்பதில்லை என்று வீட்டில் முடிவெடுத்துவிட்டோம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எனக்குப் பின் விண்ணப்பித்தவற்றில் எவை முதலில் முடிக்கப்பட்டன என்று கேட்க விரும்புகிறேன். பிறருடைய தனிப்பட்ட விவரம் என்று மறுக்க இடம் தராதபடி அந்தக் கேள்வியை எப்படி எழுத வேண்டும்? இடைத்தரகர் மட்டுமே பணம் கேட்டிருக்கும் நிலையில், லஞ்ச ஒழிப்புத் துறை புகாரை ஏற்குமா? அந்தத் துறை புகார்தாரரிடம் கொடுத்தனுப்பும் ரசாயனம் தடவிய நோட்டுகளுடன் அலுவலர் பிடிபட்ட முந்தைய வழக்குகளில், புகார்தாரரின் சொந்த வேலை அதன் பிறகு தடையின்றி முடிந்ததா? வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களும் அனுபவப்பட்டவர்களும் விளக்குங்கள். மாதிரி மனு இருந்தால் பகிருங்கள்.