தோர்வால்சனின் ‘இரவு’: சுவரில் மாட்டியதும் புடைப்பு மங்குவது ஏன்?

கேள்வி:
கிரேக்கச் சிற்ப மரபில் ஊறிய டென்மார்க் சிற்பி பெர்டெல் தோர்வால்சன் 1815இல் ரோமில் உருவாக்கிய ‘இரவு’ என்னும் வட்டப் புடைப்புச் சிற்பத்தைப் பார்த்து, களிமண்ணில் வனைந்து அச்செடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்தேன். உறங்கும் இரு குழந்தைகளை அணைத்தபடி தலைகவிழ்ந்து பறக்கும் பெண்ணும், உடன் பறக்கும் ஆந்தையும் பட்டறைச் சன்னலோரத்தில் உயிரோடு தெரிந்தன. ஆந்தைச் சிறகில் ஈர்க்குச்சியால் கீறிய கோடுகளை எண்ணக்கூட முடிந்தது. கூடத்தில் டியூப்லைட்டுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியதும் வெறும் வெள்ளைத் தட்டாகிவிட்டது. வார்ப்பில் பிழையா?

மறுமொழி 1:
பிழையில்லை. பிளாஸ்டர் இறுகும்போது சற்றே விரிந்து, அச்சின் நுண்ணிய கீறல்களையும் நிரப்பிவிடும். தாழ்ந்த புடைப்பில் உருவத்தைக் காட்டுவது நிழல்தான். நேரெதிரே விழும் வெளிச்சம் அதை அழித்துவிடுகிறது. விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

மறுமொழி 2:
ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலைச் செதுக்கியவர்களும் வெளிச்சத்தோடு போராடியவர்களே. அங்குள்ள சுமார் 160 மீட்டர் நீளச் சிற்பவரிசை தூண்களுக்கு உட்புறம், கூரையை ஒட்டி உயரத்தில் இருந்ததால், தரையிலிருந்து எதிரொளித்த வெளிச்சமே பெரும்பாலும் அதன்மேல் பட்டது. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கும் விளங்கவேண்டும் என்று மேற்பகுதியைக் கீழ்ப்பகுதியைவிட ஆழமாகச் செதுக்கினார்கள், வண்ணமும் பூசினார்கள். அந்த வரிசையை மனத்தில் கொண்டுதான் தோர்வால்சன் 1812இல், நெப்போலியனின் வருகைக்காக ரோமின் குயிரினால் அரண்மனையில், அலெக்சாண்டர் பாபிலோனுக்குள் நுழையும் நெடிய பிளாஸ்டர் சிற்பவரிசையைச் சுமார் மூன்றே மாதங்களில் முடித்தார். நெப்போலியன் வரவேயில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். உங்கள் சிற்பத்தின் பின்புலத்துக்கு இளநீலம் பூசிப் பாருங்கள்.

மறுமொழி 3:
வண்ணம் பூசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பண்டைய பளிங்கு வெண்மையானது என்று நம்பிய காலத்தின் படைப்பு இது. வெண்மை அதன் இயல்பில் கலந்தது. இடத்தை மாற்றுவதே முறை.

கேள்வி கேட்டவர்:
இடப்பக்கத்திலிருந்து டார்ச் அடித்ததும் சிறகின் கோடுகள் ஒவ்வொன்றாக மீண்டு வந்தன. சன்னலை அடுத்த பக்கச்சுவருக்கு மாற்றுகிறேன். படிந்த தூசியை ஈரத்துணியால் துடைக்கலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சும். அழுக்கும் அதனுடன் உள்ளே இறங்கிக் கறையாகிவிடும். உலர்ந்த மென்தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள்.