மறுமொழி: சிறுமூளை அறுவைக்குப்பின் குழந்தை பேசாதிருத்தல் – சொல் வேண்டும்

அன்பு அவையோருக்கு,

மூளைக்கட்டிக்கு அறுவை செய்யவிருக்கும் குழந்தைகளின் பெற்றோருக்கான விளக்கத்தாளைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘செரிபெல்லர் மியூட்டிசம்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். சிறுமூளை நடுவிலிருந்து மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் புற்றுக்கட்டியை எடுத்தபின், ஏறத்தாழ நான்கில் ஒரு பிள்ளைக்கு ஓரிரு நாளில் பேச்சு நின்றுவிடுகிறது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். ‘ஊமைத்தன்மை’ என்று எழுதிப் பெற்றவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை.
– வி.

வி. அவர்களுக்கு,

ஊமை இழிசொல் அன்று. குறுந்தொகை 58-இல் வெள்ளிவீதியார் காட்டும் ‘கையில் ஊமன்’, அதாவது கை இல்லாத ஊமை, வெயிலில் உருகும் வெண்ணெயைக் கண்ணாலேயே காக்கிறான். பார்க்கிறான், அறிகிறான், கூவ முடியவில்லை. இக்குழந்தையின் நிலை அதுவேயல்லவா? வாய் மூடி எழும் ‘உம்’ ஒலியே இதன் வேர் என்பது என் கருத்து. உம்மென்றிருத்தல், உம்மணாமூஞ்சி எல்லாம் அங்கிருந்தே. ஊமையைக் குறிக்கும் பழஞ்சொல்லான மூங்கையும் இதன் இனமே என்று இருபதாண்டாகச் சொல்லிவருகிறேன். வழக்கு ஊமையைக் கெடுத்துவிட்டது என்றால் ‘மூங்கைமை’ எனலாம். நான்கு எழுத்து, தூய தமிழ்.
– சொ.மு.

ஐயா,

பேச்சுப் பயிற்சியாளராக வார்டில் நிற்பவள் நான். ஐந்து வயதுப் பெண், அறுவை முடிந்த மறுநாள் காலை “அம்மா, தண்ணி” என்று கேட்டாள். அன்று மாலையிலிருந்து ஒரு சொல் இல்லை. கீச்சென்று அழுகை மட்டும். தம்ளரை உதட்டருகே பிடித்தபடி அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: “நாக்கு நரம்ப வெட்டிட்டாங்களா?” அவரிடம் போய் மூங்கைமை என்று சொல்லவா?

நாக்கிலும் குரல்நாணிலும் பழுதில்லை. சிறுமூளையிலிருந்து பெருமூளைக்கு ஏறும் பாதை அடிபடுகிறது. ‘பேச்சிழப்பு’ம் கூடாது. அது அஃபேசியாவுக்கு, மூளை பாதித்து மொழித்திறனே குன்றும் நிலைக்கு, ஏற்கெனவே போய்விட்டது.
– க.

‘பேச்சடைவு’ என்று நினைத்தேன். ஆனால் அடைவுத்தேர்வு நடத்தும் ஆசிரியர்கள் பேச்சில் தேர்ச்சி என்று படிப்பார்கள். ‘பேச்சடைப்பு’ மாரடைப்பை நினைவூட்டி வயிற்றைக் கலக்கும்.

என் முன்மொழிவு ‘பேச்சொடுக்கம்’. குறள் 486-இல் ஊக்கமுடையான் ஒடுக்கம், பொருதகர் (சண்டைக்கிடா) பாயுமுன் பின்வாங்குவது போன்றது. ஒடுங்கியது மீண்டும் எழும் என்ற குறிப்பு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பெற்றோருக்கு இதைவிட என்ன வேண்டும்?
– தி.

தி., எனக்கு நெருடுகிறது. ஒடுங்கு தன்வினை, ஒடுக்கு பிறவினை. ‘ஒடுக்கம்’ இரண்டுக்கும் பொதுவாக நிற்கும். அடக்கம், முடக்கம் போலத்தான். செய்தித்தாள் படிக்கும் தகப்பனுக்கு ஒடுக்குமுறைதான் நினைவுக்கு வரும். யாரோ பேச்சை ஒடுக்கினார்கள், அதாவது மருத்துவர்! ‘பேச்சொடுங்கல்’ என்றால் அந்த ஐயம் எழாது.
– ம.

‘ஒடுங்கல்’ நாவில் நிற்காது. அதற்கு மூங்கைமையே மேல்.
– சொ.மு.

நண்பர்களே, நான் நரம்பியல் அறுவைப் பிரிவில் இருப்பவன். சொல்லோடு அடுத்த வரியையும் பாருங்கள். இவ்வளவு ஆபத்தென்றால் ஏன் முழுதாக எடுக்கிறீர்கள் என்று பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள். மெடுல்லோபிளாஸ்டோமாவில் மிச்சக்கட்டி 1.5 சதுர செ.மீ.க்கு மேலிருந்தால், நோய் திரும்பும் ஆபத்து மிகுந்த பிரிவில் வைப்பது மரபு. 3 வயதுக்குக் கீழே வளரும் மூளைக்குக் கேடென்று கதிர்வீச்சை முடிந்தவரை தவிர்க்கிறோம். ஆகவே கத்தியின் வேலை இன்னும் கூடுகிறது. இதைச் சொல்லாமல் பேச்சு நின்றுவிடலாம் என்று மட்டும் எழுதினால் கையெழுத்துப் போடப் பேனா எடுக்கமாட்டார்கள்.
– அ.

அ. அவர்களுக்கு நன்றி, அதைத் தனிப்பத்தியாகச் சேர்த்துவிட்டேன். பேச்சொடுக்கத்துக்கு ஐவர், ஒடுங்கலுக்கு இருவர், மூங்கைமைக்கு ஐயா ஒருவர். நேரமில்லாததால் ‘தற்காலிகப் பேச்சொடுக்கம்’ என்று போட்டு அனுப்புகிறேன்.
– வி.

வி., ‘தற்காலிக’ மட்டும் வேண்டாம். அந்தப் பெண் ஏழாவது வாரம் பேசினாள். “தண்… ணி” என்று ஒவ்வோர் அசையாக இழுத்து. பழைய பேச்சு இன்றுவரை முழுதாக வரவில்லை. தாளில் ‘தற்காலிக’ என்று படித்த அம்மா, இன்னும் எத்தனை நாள் என்று என்னிடம்தான் கேட்பார். ‘பேச்சு நின்றுபோதல்’ என்றே எழுதி, பெரும்பாலும் திரும்பும், ஆனால் மெதுவாகவும் குழறலாகவும் இருக்கக்கூடும் என்று அடுத்த வரியில் சொல்லுங்கள். அச்சகத்தில் நாளைக் காலைவரை திருத்தம் ஏற்பார்களா?
– க.